ஆறு நிமிட நடையை நம்பி எடுக்கப்படும் முடிவுகள்

இதயச் செயலிழப்போ நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயோ, பல நேரங்களில் இரண்டுமோ சேர்ந்திருக்கும் முதியவருக்கு எவ்வளவு பயிற்சி கொடுப்பது, எந்த இடத்தில் நிறுத்துவது, எப்போது வீட்டுக்கு அனுப்புவது என்று முடிவு செய்ய வேண்டிய இயன்முறை மருத்துவர் பெரும்பாலும் நாடுவது ஆறு நிமிட நடைச் சோதனையைத்தான். சமதளமான தாழ்வாரத்தில், இரு முனைகளிலும் அடையாளக் கூம்புகளை வைத்து, நோயாளியைத் தம்மால் இயன்ற அளவு நடக்கச் சொல்லி, ஆறு நிமிடத்தில் கடந்த தூரத்தை மீட்டரில் குறிப்பதே இச்சோதனை. 1976-இல் நாட்பட்ட மூச்சுக்குழல் அழற்சி உள்ளவர்களுக்குப் பன்னிரண்டு நிமிட நடை பயன்படுத்தப்பட்டது. மூச்சிரைப்பவர்களுக்கு அது அயர்ச்சி தந்ததால், 1982-இல் பட்லண்டும் அவர்தம் குழுவினரும் இரண்டு, ஆறு, பன்னிரண்டு நிமிட நடைகளை ஒப்பிட்டு, குறைந்த நேர நடையும் ஏறத்தாழ அதே பயனைத் தரும் என்று காட்டினர். அமெரிக்க மார்பு நோயியல் சங்கம் 2002-இல் இதற்கு நெறிமுறை வகுத்தது.

இச்சோதனை நிலைபெற்றதற்கு வலுவான காரணங்கள் உண்டு. முகமூடி மாட்டி, ஓடுபொறியில் ஏற்றி, மூச்சுக் காற்றை அளக்கும் முழுமையான உடற்திறன் சோதனைக்கு விலையுயர்ந்த கருவியும் பயிற்சி பெற்ற ஆட்களும் வேண்டும். எண்பது வயதை நெருங்குபவர்களில் பலர் ஓடுபொறியைப் பார்த்தே அஞ்சுவர். நடையோ அவர்கள் அன்றாடம் செய்வது. வேகத்தை அவர்களே தீர்மானிக்கிறார்கள். களைத்தால் சுவரில் சாய்ந்து நிற்கலாம், கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். கிடைக்கும் எண்ணுக்கு முன்கணிப்பு வலிமையும் உண்டு. நுரையீரல் அடைப்பு நோயாளிகளின் இறப்பு அபாயத்தைக் கணிக்க 2004-இல் வெளியான ‘போடு’ குறியீட்டின் நான்கு கூறுகளில் நடைதூரமும் ஒன்று. 350 மீட்டருக்குக் கீழே இறங்க இறங்க அபாயப் புள்ளி ஏறும்.

ஆயினும் யாருக்கு அபாயம் மிகுதி என்று சொல்லும் எண், அவருக்கு என்ன செய்வது என்றும் சொல்லிவிடும் என எடுத்துக்கொள்வதில்தான் தவறு தொடங்குகிறது. மூன்று முதியவர்கள் ஆளுக்கு 240 மீட்டர் நடந்ததாகக் கொள்வோம். ஒருவருக்கு நான்காம் நிமிடத்தில் இரத்த ஆக்சிஜன் செறிவு 84 விழுக்காட்டுக்கு இறங்கியது. மற்றொருவருக்குக் கெண்டைக்கால் தசை இறுகி வலித்ததால், அதாவது காலுக்குச் செல்லும் தமனி குறுகியிருந்ததால், நடை தடைப்பட்டது. மூன்றாமவருக்கு மூச்சும் காலும் ஒத்துழைத்தும், போன மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்த அச்சம் ஒவ்வொரு திருப்பத்திலும் அவரைத் தயங்க வைத்தது. முதலாமவருக்குக் கூடுதல் ஆக்சிஜன் பற்றிய ஆய்வும், இரண்டாமவருக்கு இரத்தநாள மருத்துவரின் பார்வையும், மூன்றாமவருக்குச் சமநிலைப் பயிற்சியும் தேவை. அறிக்கையில் மூவரும் ஒரே எண்ணாகிவிடுகிறார்கள்.

அந்த எண்ணும் தாழ்வாரத்தைப் பொறுத்து மாறுவது. நெறிமுறை கேட்பது 30 மீட்டர் நீளம். இடநெருக்கடி உள்ள மருத்துவமனைகளில் கிடைப்பது பல நேரம் அதில் பாதி கூட இல்லை. 10 மீட்டர் பாதையில் நடந்த அடைப்பு நோயாளிகள், 30 மீட்டர் பாதையில் நடந்ததைவிடச் சராசரியாக ஏறக்குறைய 50 மீட்டர் குறைவாகவே நடந்தனர் என்று 2013-இல் வெளியான ஆய்வு காட்டியது. திரும்பும் தடவைகள் கூடியதே காரணம். நோயாளிக்கு உண்மையான முன்னேற்றம் எனக் கொள்ளத்தக்க குறைந்தபட்ச வேறுபாடு 30 மீட்டர் அளவில்தான் என்று 2014-இன் ஐரோப்பிய-அமெரிக்க நெறிமுறை கூறுவதை இதனுடன் சேர்த்துப் பார்த்தால், இடம் மாறியதையே குணம் என்றோ சரிவு என்றோ படித்துவிடும் ஆபத்து விளங்கும். பழகப் பழகத் தூரம் கூடுவதால் இருமுறை நடக்கவைத்துச் சிறந்ததை எடுக்க வேண்டும் என்றும் அந்நெறிமுறை வற்புறுத்துகிறது. வார்டு வேலைப்பளுவில் முதலில் கைவிடப்படுவதும் இந்த இரண்டாவது நடையே.

நடையோடு சேர்த்துப் பார்க்கப்படும் துணை அளவுகளும் முதுமையில் தடுமாறுகின்றன. 220-இலிருந்து வயதைக் கழித்து உச்ச நாடித்துடிப்பைக் கணிக்கும் பழைய வழக்கம், துடிப்பை அடக்கிவைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடும் இதயநோயாளியிடம் பொருளற்றுப் போகிறது. ஏட்டிலுள்ள இலக்கை எட்டவைக்க முயன்றால் அவரை அளவுமீறி வருத்தியதாகும். அதனால்தான் சிரமத்தை நோயாளியே மதிப்பிடும் போர்க் அளவுகோல், ஸ்வீடன் உளவியலாளர் குன்னர் போர்க் வகுத்தது, விரும்பப்படுகிறது. ஆனால் மருத்துவரின் மனம் கோணக்கூடாது என்று “பரவாயில்லை, சிரமமில்லை” என்றே சொல்லிப் பழகிய முதியவரிடம் அதற்கும் எல்லை உண்டு. நடக்கும்போது முழு வாக்கியம் பேச முடிகிறதா என்று பார்ப்பது அவரிடம் கூடுதலாகப் பயன்படும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரோ, விரல் குளிர்ந்திருந்தால் பிழையாகக் காட்டும்; அக்கருவி காட்டத் தவறிய ஆக்சிஜன் குறைவு கறுப்பின நோயாளிகளிடம் வெள்ளையரைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகம் என்று 2020-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு கண்டறிந்தது. கருநிறத் தோலுடையோர் மிகுந்த நம் நாட்டில் இதைப் பொருட்படுத்தாமல் விடுவதற்கில்லை.

மாற்று வழிக்குத் தக்க சான்று அமெரிக்காவில் நடந்த ‘ரிஹேப்-எச்எஃப்’ ஆய்விலிருந்து 2021-இல் கிடைத்தது. இதயச் செயலிழப்பு திடீரென முற்றி மருத்துவமனையில் சேர்ந்த, 60 வயதும் அதற்கு மேலுமான 349 பேரில் ஒரு பிரிவினருக்கு, நடைத்தாங்கு திறனை மட்டும் வளர்க்காமல், தசைவலிமை, சமநிலை, இயங்குதிறன் ஆகியவற்றையும் அவரவர் நிலைக்கேற்பப் பயிற்றுவித்தனர். நிற்கும் சமநிலை, குறுந்தூர நடைவேகம், நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுவது ஆகியவற்றை 12 புள்ளிகளுக்கு மதிப்பிடும் சோதனையில், மூன்று மாத முடிவில் அவர்கள் 8.3 புள்ளியும், வழக்கமான சிகிச்சை பெற்றோர் 6.9 புள்ளியும் பெற்றனர். ஆறு மாதத்துக்குள் மீண்டும் மருத்துவமனையில் சேர்வது மட்டும் குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. பயிற்சியின் பெருமை பேசுவோர் இதை மறைக்கக் கூடாது. எனினும் பிறர் துணையின்றிக் கழிப்பறைக்குப் போய்வருவதே எண்பது வயதுக்காரருக்குப் பெரிய சிகிச்சைப் பயன்தான்.

ஆகவே ஆறு நிமிட நடையைக் கைவிட வேண்டியதில்லை. அதைத் தனியே நம்புவதைத்தான் கைவிட வேண்டும். தூரத்தின் பக்கத்தில் தாழ்வாரத்தின் நீளமும், நடை எதனால் தடைப்பட்டது என்பதும், நாற்காலியிலிருந்து எழும் திறனும் எழுதப்படாத அறிக்கையைக் கொண்டு ஒரு முதியவரின் பயிற்சி அளவைக் கூட்டுவதோ குறைப்பதோ முறையாகாது.