தாராவி ஆய்வுகளில் எண்ணும் சான்றும்

மும்பைத் தாராவியைப் பற்றிய கட்டுரைகள் பலவற்றில் சான்று காட்டும் முறை நெகிழ்ந்துள்ளது. அங்கு வாழ்வோர் 6 இலட்சம் என்றும் 10 இலட்சம் என்றும், நிலப்பரப்பு 175 ஹெக்டேர் என்றும் ஏறத்தாழ 240 ஹெக்டேர் என்றும் எழுதப்படுகின்றன. 10 இலட்சத்தை முதற்பரப்பால் வகுத்தால் ஹெக்டேருக்கு ஏறத்தாழ 5,700 பேர். 6 இலட்சத்தை இரண்டாம் பரப்பால் வகுத்தால் 2,500 பேர். எல்லையும் ஆண்டும் கூறப்படாமையின், எது ஏற்புடையது எனப் படிப்போர் துணிய இயலவில்லை. பிறர் நூலில் கண்ட எண்ணை மூல ஆவணத்திலேயே கண்டதுபோல் குறிப்பது இதனினும் பெரிய குறை.

இது வெறும் எழுத்துமுறைச் சிக்கலன்று. தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தில், 1.1.2000க்கு முன்னரே தரைத்தளத்தில் குடியிருந்தமைக்குச் சான்று தருவோர்க்கே தாராவிக்குள் இலவச வீடு உண்டு. தலைமுறைகளாக அங்கு வாழும் திருநெல்வேலித் தமிழரும் இவ்விதிக்கு உட்பட்டவரே. அவர்களிடம் ஆவணம் கேட்கப்படுகிறது. அவர்களைத் தொகையாக்கி எழுதுவோரோ ஆவணம் காட்டுவதில்லை. எண்ணியவர் யார், எந்த ஆண்டில், எந்த எல்லைக்குள், அது கணக்கெடுப்பா மதிப்பீடா என்னும் நான்கும் எண்ணுக்கு அருகிலேயே இடம்பெறுதல் வேண்டும். இல்லையேல் அவ்வெண் செவிவழிச் செய்தியாகவே கொள்ளத்தக்கது.