சட்டம் என்னும் ஒரே வாசல்

உயர்தரத்தில் கலைப்பிரிவில் நல்ல பெறுபேறு எடுத்த பிள்ளையிடம் யாழ்ப்பாணத்தார் முதலில் கேட்பது, "சட்டம் கிடைக்குமோ?" என்பதுதான். விசாரணை, தடயம், வழக்கு, தண்டனை, சீர்திருத்தம், பாதிக்கப்பட்டவருக்கான உதவி என விரியும் குற்றநீதித் துறை முழுவதும் நமக்குச் சட்டத்தரணியின் கறுப்புக் கோட்டுக்குள் அடங்கிவிட்டது.

இந்தத் தேர்வுக்குப் பின்னால் நியாயமான கணக்கு உண்டு. 2017இல் வேலையற்ற பட்டதாரிகள் யாழ். மாவட்டச் செயலகத்தின் முன் மாதக்கணக்கில் போராடினார்கள். அரச நியமனத்துக்குக் காத்திராமல் சொந்தக் காலில் நிற்கக்கூடிய கலைப்பிரிவுத் தொழில்கள் சிலவே. சட்டம் அவற்றில் ஒன்று. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சட்டத்துறை இருக்கிறது. இசட் புள்ளி போதாதவர்களுக்கும் வேலை பார்த்தபடி படிக்க நினைப்பவர்களுக்கும், தெரிவுப் பரீட்சையில் தேறினால் திறந்த பல்கலைக்கழகத்தின் சட்டமாணிப் படிப்பு உண்டு. அப்பல்கலைக்கழகத்தின் பிராந்திய நிலையம் குடாநாட்டிலேயே இயங்குகிறது.

ஆனால் பாதை நீளமானது. சட்டமாணி முடித்தவரும் சட்டத்தரணியாவதற்குக் கொழும்பு புதுக்கடையில் 1874 முதல் இயங்கும் சட்டக்கல்லூரியின் பரீட்சைகளைத் தாண்ட வேண்டும். மொழியும் ஒரு சிக்கல். அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரைப்படி வடக்கு நீதிமன்றங்களின் பதிவேடுகள் தமிழில் பேணப்படுகின்றன. சட்டமாணிக் கற்கையோ பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடக்கிறது. சட்டக்கல்லூரிப் பரீட்சைகளை ஆங்கிலத்தில் மட்டும் நடத்த வகைசெய்த ஒழுங்குவிதிகளை 2023 மார்ச்சில் பாராளுமன்றம் தோற்கடித்தது. அதனால் தமிழில் எழுதும் உரிமை தப்பியது. தமிழில் போதிய சட்டநூல்கள் இல்லாத குறை அப்படியே இருக்கிறது.

இவற்றைவிடப் பெரிய நட்டம், துறையின் மற்றப் பகுதிகளுக்குப் படித்த ஆள் சேராமல் போவது. 1944ஆம் ஆண்டின் நன்னடத்தைக் கட்டளைச் சட்டமும் 1999ஆம் ஆண்டின் சமுதாயஞ்சார் சீர்திருத்தச் சட்டமும் சிறைக்கு மாற்றான தண்டனைகளுக்கு வழி வகுத்தன. குற்றத்தால் பாதிக்கப்பட்டோரையும் சாட்சிகளையும் பாதுகாக்க 2015இல் தனிச்சட்டம் வந்து, 2023இல் புதுப்பிக்கப்பட்டது. வழக்கின் பின்னணியை விசாரித்து அறிக்கை எழுதவும், பயந்து நிற்கும் சாட்சியோடு அவர் மொழியிலேயே பேசவும் தெரிந்தவர்கள் இல்லாவிட்டால் இவை ஏட்டில்தான் இருக்கும். 2025இல் செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் நடந்த மனிதப் புதைகுழி அகழ்வை எண்ணிப் பாருங்கள். நீதவானின் மேற்பார்வை ஒருபுறமிருக்க, தொல்லியலாளரும் சட்ட வைத்திய அதிகாரியும் மண்ணுக்குள் இறங்காமல் அந்த விசாரணை ஓரடியும் நகர்ந்திராது.

அப்படியானால் அமெரிக்கச் சமுதாயக் கல்லூரிகளைப்போல ஈராண்டுக் குற்றநீதிப் படிப்பு ஒன்றை இங்கும் தொடங்கலாமா? குறைந்த செலவு, வீட்டிலிருந்தே போய்வரும் வசதி, பின்னர் பட்டப்படிப்புக்குத் தாவும் வாய்ப்பு ஆகியன அதன் பலங்கள். குருநகரில் உள்ள உயர் தொழில்நுட்பவியல் நிறுவகம் கணக்கியலுக்கும் ஆங்கிலத்துக்கும் ஏறத்தாழ இந்த வேலையைத்தான் செய்கிறது.

ஆனால் அமெரிக்க அனுபவத்தில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. 1968ஆம் ஆண்டின் குற்றக்கட்டுப்பாட்டுச் சட்டத்தோடு பொலிசாரின் படிப்புக்கு மத்திய அரசு பணத்தை அள்ளிக்கொடுக்க, இத்தகைய படிப்புகள் பெருகின. பத்து ஆண்டுகள் கழித்து, 1978இல் குற்றவியலாளர் லாரன்ஸ் ஷெர்மனும் பொலிசாரின் உயர்கல்விக்கான தேசிய ஆலோசனைக் குழுவும் வெளியிட்ட அறிக்கை அவற்றைக் கடுமையாகச் சாடியது. பல வகுப்புகள் கல்வியாக இல்லாமல் வெறும் தொழிற்பயிற்சியாக இருந்தன. ஆய்வறிவைவிடப் பொலிஸ் அனுபவமே ஆசிரியருக்குத் தகுதியாகக் கொள்ளப்பட்டது. பொலிசைக் கேள்வி கேட்கப் பழக்காத குற்றநீதிப் படிப்பு வடக்குக்கு எவ்வகையிலும் உதவாது.

இலங்கைக்கே உரிய இன்னொரு தடை ஆட்சேர்ப்புத் திட்டம். பொலிஸ் சேவையில் உப பொலிஸ் பரிசோதகராக உயர்தரம் போதும். பட்டதாரிக்கு உரிய நேரடி வாசல் உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் பதவி. அதற்கும் குற்றவியல் பட்டம்தான் வேண்டுமென்றில்லை. ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தில் குற்றவியலும் குற்றநீதியும் படித்தவரும் பொதுப் போட்டியில்தான் நிற்கிறார். சேவைப் பிரமாணக் குறிப்பில் இடம்பெறாத டிப்ளோமாவை எவ்வளவு அழகாகச் சட்டமிட்டு மாட்டினாலும் நேர்முகத் தேர்வில் அதற்குப் புள்ளி விழுவது நிச்சயமில்லை.

ஆகவே ஈராண்டுப் படிப்பு மூன்று நிபந்தனைகளோடு வந்தால் மட்டுமே வரவேற்கத்தக்கது. அதன் பாட அலகுகள் பின்னர் சட்டமாணிக்கோ சமூகவியல் பட்டத்துக்கோ கணக்கில் சேர வேண்டும். பாடம் தமிழிலும் ஆங்கிலத்திலும் நடந்து, அலுவலகச் சிங்களமும் கற்பிக்கப்பட வேண்டும். நன்னடத்தை மாகாண சபைக்குரிய விடயம் என்பதால், வடக்கு மாகாண நிர்வாகம் அந்தத் தகைமையைத் தன் ஆட்சேர்ப்பில் ஏற்க வேண்டும். இவை இல்லாமல் தொடங்கினால், வேலை கேட்டுச் செயலக வாசலில் நிற்கும் வரிசைதான் நீளும்.

அதுவரை குற்றநீதி டிப்ளோமா ஏதேனும் ஒன்றில் பிள்ளையைச் சேர்க்கப்போகும் பெற்றோர், கட்டணம் கட்டுமுன் அந்தத் தகைமையைப் பெயர் சொல்லிக் கேட்கும் பதவி விளம்பரம் ஒன்றையாவது காட்டும்படி நிறுவனத்திடம் கேட்கட்டும். அதைக் காட்ட முடியாத இடத்தில் பணம் கட்டத் தேவையில்லை.