கூனனின் கதையா, கோயிலின் கதையா?

பாரிஸ் நகரில் செய்ன் ஆற்றுத் தீவொன்றில் நிற்கும் நோத்ர் தாம் பேராலயத்தைக் காணச் செல்வோருள் பலர், விக்டர் ஹியூகோவின் புதினத்தை மனத்திற் சுமந்தே செல்கின்றனர். 1831-இல் வெளிவந்த அந்நூலுக்கு ஆசிரியர் இட்ட பெயர் ‘பாரிஸின் நோத்ர் தாம்’ என்பதே. 1833-இல் வந்த ஆங்கிலப் பெயர்ப்பு, கூனனைத் தலைப்பில் ஏற்றியது. அதன்பின் மணியடிக்கும் குவாசிமோதோவே கதைத்தலைவன் எனப் பலரும் கொண்டனர். நூலின் உயிரையே இடம் மாற்றிவிட்ட பிழை இது.

கதை நிகழும் ஆண்டு 1482. அதனை இடையில் நிறுத்திவிட்டுப் பேராலயத்தின் அமைப்பையும், கோபுரத்தின் மேலிருந்து தெரியும் பழைய நகரையும் ஹியூகோ பக்கம் பக்கமாக விரித்துரைக்கிறார். சுருக்கப் பதிப்புகள் முதலில் வெட்டுவன இப்பகுதிகளையே. ஆனால் அவர் அங்கே சொல்வது அழகை மட்டுமன்று, இழப்பையுந்தான். 1163 அளவில் தொடங்கி ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் எழுப்பிய கோயில் அது. விவிலியம் கூறும் யூத மன்னர்தம் சிலைகளைப் பிரெஞ்சு மன்னர் சிலைகளென எண்ணிப் புரட்சிக்காரர்கள் 1793-இல் தலை கொய்தனர். அத்தலைகளுள் 21 மண்ணுக்கடியிலிருந்து 1977-இல் மீண்டன. இத்தகைய சிதைவுகளுக்கு எதிராக எழுந்த வழக்குரையே இப்புதினம்.

1832-ஆம் ஆண்டுப் பதிப்பிற் சேர்ந்த ஓர் இயலில், அச்சு நூல் கட்டடக் கலையை அழித்துவிடும் என ஹியூகோ வாதிடுகிறார். நடந்ததோ நேர்மாறு. நூல் எழுப்பிய உணர்வு பரவியது; 1844-இல் லாசுஸ், வியோலே-லெ-துக் என்னும் இருவர் திருப்பணிக்கு அமர்த்தப்பெற்றனர். கோபுர மாடத்தில் இன்று காண்போரை மருட்டும் விந்தை விலங்குருக்கள் இடைக்காலத்தன அல்ல, அத்திருப்பணியில் வைக்கப்பட்டவை. புதினத்திற்கு அவை இளையவை!

இந்நூலுக்கும் ஒரு குறை உண்டு. உதைவளைவுகள் புறத்தே நின்று சுமை தாங்க, சுவர்கள் வண்ணக் கண்ணாடிச் சாளரங்களாகத் திறந்த கோத்திக் கலை, வழிபாட்டிற்கென வளர்ந்தது. ஹியூகோவின் கோயிலில் கல் பேசுகிறது, மணி பேசுகிறது. முழந்தாளிட்டு வேண்டும் எளிய மனிதரின் குரல் மட்டும் மங்கியே கேட்கிறது.

2019 ஏப்ரல் 15 அன்று தீ மூண்டு, ஓக் மரக் கூரையும், வியோலே-லெ-துக் எழுப்பிய கூர்ங்கோபுரமும் வீழ்ந்தன. அன்றிரவு அருகிருந்த தெருக்களில் மக்கள் முழந்தாளிட்டுத் துதிப்பாடல் இசைத்தனர். ஹியூகோ எழுதாது விட்ட இயலை அவர்கள் நிறைவு செய்தனர் எனலாம். அந்நாட்களிலேயே அப்பழைய புதினத்தையும் பிரெஞ்சு மக்கள் மீண்டும் தேடி வாங்கினர்.

2024 டிசம்பரில் பேராலயம் மீண்டும் திறக்கப்பெற்றது. அங்கே செல்லும் வாய்ப்புடையோர் இந்நூலைச் சுருக்காத பதிப்பில் முன்னரே கற்றுச் செல்லுதல் நன்று. கூனனைத் தேடுவோர்க்கு இரு கோபுரங்கள் தெரியும். நூலை முழுதும் கற்றார்க்கு, எத்தனை முறை சிதைந்தும் தலைமுறை தலைமுறையாக மனிதர் மீட்டெடுத்த ஒரு கோயில் தெரியும்.