காய்ச்சல் விட்ட பிறகு

2021 செப்டம்பர் 1ஆம் தேதி தமிழ்நாட்டில் ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பள்ளிகள் திறந்தன. எங்கள் பகுதி மைதானத்திலும் பிள்ளைகள் ஒவ்வொருவராகச் சேர ஆரம்பித்தார்கள். அந்த நாள்களில் ஒரு சாயங்காலம் கபடிப் பயிற்சியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வாசலில் நெற்றிக்கு நேரே வெப்பமானியைப் பிடித்தார்கள், கையில் சானிடைசர் விட்டார்கள், நோட்டில் பெயர் எழுதினார்கள். உள்ளே போன ஒரு பையன் முதல் ரெய்டிலேயே பாட்டை விட்டுவிட்டு வெளியே வந்து, முழங்காலைப் பிடித்தபடி குனிந்து நின்றான். மூச்சு அடங்க வெகுநேரம் ஆனது. விசாரித்தேன். “மூணு வாரம் முன்னாடி கொரோனா வந்துச்சு சார், இப்ப சரியாயிடுச்சு” என்றான். வாசலில் அவனிடம் யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை.

பெருந்தொற்றுக் காலத்தில் பிள்ளைகளை விளையாட்டுக்குத் திரும்ப அழைத்த முறையின் நிறையும் குறையும் அந்த வாசலிலேயே இருந்தன. வெளியிலிருந்து கிருமி உள்ளே வரக்கூடாது என்பதில் காட்டிய கவனத்தில் பாதியைக்கூட, உள்ளே வந்துவிட்ட பிள்ளையின் உடம்பின் மீது நாம் காட்டவில்லை.

நிறையை முதலில் சொல்லிவிட வேண்டும். படிப்படியாகத் திறப்பது என்ற எண்ணமே சரியானது. முதலில் தனித்தனியாக ஓட்டமும் உடற்பயிற்சியும், பிறகு சிறு குழுவாகப் பயிற்சி, அதன்பின் சொந்த அணிக்குள் ஆட்டம், கடைசியில்தான் வெளியூர் அணியோடு போட்டி. ஒரு குழுவில் யாருக்காவது தொற்று வந்தால் அந்தக் குழு மட்டும் நின்றால் போதும். திறந்தவெளியில் மூச்சுக்காற்று கலைந்துவிடும், அடைத்த கூடத்தில் தங்கிவிடும் என்ற அறிவும் இதில் இருந்தது. மைதானத்தைவிட மைதானத்துக்குப் போகும் வேனும் உடை மாற்றும் அறையும்தான் ஆபத்து என்பதைப் பல பயிற்சியாளர்கள் சீக்கிரமே புரிந்துகொண்டார்கள். பயந்து மூடியே வைத்திருப்பதும் தீர்வல்ல. 5 முதல் 17 வயது வரையுள்ளவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது உடம்பை அசைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பரில், தொற்றுக்கு நடுவில்தான், மறுபடியும் வலியுறுத்தியது.

ஆனால் விதிகளைக் கடைப்பிடித்தபோது, கண்ணுக்குத் தெரிவதற்கே முதலிடம் கிடைத்தது. பிள்ளைகளில் பலருக்குத் தொற்று அறிகுறியே இல்லாமல் வந்துபோனது. அவர்களை வெப்பமானி எப்படிப் பிடிக்கும்? பந்தையும் மட்டையையும் விடாமல் துடைத்தோம். பொருள்களைத் தொடுவதால் பரவும் வாய்ப்பு குறைவு என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021 ஏப்ரலில் தெளிவாக்கிய பிறகும் துடைத்துக்கொண்டிருந்தோம். எல்லா ஆட்டத்தையும் ஒரே தராசில் நிறுத்ததும் தவறு. கபடியில் பிள்ளை எதிரணியின் முகத்துக்கு முன்னால் மூச்சைப் பிடித்துப் பாட வேண்டும், பிடிபட்டால் ஐந்தாறு பேர் மேலே விழுவார்கள். ஆறடி இடைவெளி என்ற விதி அங்கே வெறும் எழுத்து. நீளம் தாண்டும் பிள்ளைக்கோ அது தேவைக்கு மேல். கபடிக்கென்று தனியாக ஒரு விதி யோசித்திருக்க வேண்டும்.

இந்த ஏற்பாடுகளில் ஆகச் சிறந்தது என்று நான் கருதுவது, நோயிலிருந்து எழுந்த பிள்ளையைக் களத்துக்கு ஏற்றும் படிமுறை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் பரிந்துரைத்த அந்த முறையில், தொற்று வந்து தேறிய, 12 வயது நிரம்பியவர்கள் முழு ஆட்டத்துக்கு வரக் குறைந்தது ஏழு நாள் ஆகும் என்று இருந்தது. முதல் இரண்டு நாள் 15 நிமிடத்துக்கு மேல் போகாத லேசான பயிற்சி, உச்ச நாடித்துடிப்பில் 70 விழுக்காட்டுக்குள். அடுத்த நாள் 30 நிமிடம், அதற்கடுத்த நாள் 45, பிறகு இரண்டு நாள் 60. நெஞ்சுவலி, படபடப்பு, மயக்கம், வழக்கமில்லாத மூச்சிரைப்பு ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். இதயத் தசையில் அழற்சி ஏற்பட்டிருந்தால் மூன்று முதல் ஆறு மாதம் வரை போட்டி விளையாட்டே கூடாது என்றும் அதில் இருந்தது.

இதிலும் குறை உண்டு. தொடக்கத்தில் இது ஆய்வு முடிவுகளைவிட நிபுணர்களின் கணிப்பையே பெரிதும் நம்பியிருந்தது. பிள்ளைகளுக்கு இதயப் பாதிப்பு அரிதாகவே வருகிறது என்று தெரியத் தெரிய விதிகளும் தளர்ந்தன. அதைவிடப் பெரிய இடைஞ்சல், இது குடும்ப மருத்துவரும் கைக்கடிகாரமும் உள்ள வீட்டை மனதில் வைத்து எழுதப்பட்டது. 15 வயதுப் பையனுக்கு 70 விழுக்காடு என்றால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 143 துடிப்பு. வெறுங்காலில் ஓடுகிறவன் அதை எதை வைத்து அளப்பான்? ஓடும்போது பக்கத்தில் ஓடுகிறவனோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்று பார்த்தாலே போதும். அந்த எளிய வழியை நம் மைதானங்களுக்கு யாரும் கொண்டுவந்து சேர்க்கவில்லை.

நோயே வராத பிள்ளைகளும் தப்பவில்லை. தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தது. ஒன்றரை ஆண்டுக்கு மேல் வீட்டுக்குள் இருந்த தசையும் மூட்டும் ஒரே வாரத்தில் பழைய வேகத்துக்கு வராது. வெயிலுக்கு உடம்பு பழகவே ஒன்றிரண்டு வாரம் ஆகும். காசு கட்டிப் படிக்கும் அகாடமிப் பிள்ளைக்கு வீடியோவிலாவது ஒரு பயிற்சியாளர் இருந்தார். அரசுப் பள்ளிப் பிள்ளைக்குப் பள்ளி மைதானம்தான் ஒரே மைதானம், பி.டி. மாஸ்டர்தான் ஒரே பயிற்சியாளர். பள்ளி திறந்ததும் விட்டுப்போன பாடத்தை முடிக்க வேண்டும் என்று பி.டி. பீரியடைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் எடுத்துக்கொண்ட பள்ளிகளும் உண்டு. இதுதான் எனக்கு இன்னும் ஆறாத வருத்தம்.

கொரோனா அடங்கிவிட்டது. டெங்குவும் ஃப்ளூவும் வருடம் தவறாமல் வருகின்றன. காய்ச்சலிலிருந்து எழுந்த பிள்ளையை மறுநாளே போட்டிக்கு இறக்கும் வழக்கமும் அப்படியே இருக்கிறது. பி.டி. ஆசிரியர்களிடமும் பயிற்சியாளர்களிடமும் நான் கேட்பது இவ்வளவுதான்: வருகைப் பதிவேட்டில் பெயருக்குப் பக்கத்தில், காய்ச்சல் விட்ட தேதியை எழுத ஒரு கட்டம் போடுங்கள்.