இறங்காமல் மேலேறும் முடிவு

ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக் கரையை நெருங்கிக்கொண்டிருந்த 2024 நவம்பர் 30 அன்று, மும்பையிலிருந்து வந்த இண்டிகோ விமானம் ஒன்று சென்னையில் இறங்கப் பார்த்தது. ஓடுபாதையைத் தொடும் தறுவாயில் ஒருபக்கம் சாய்ந்து தள்ளாடியது. அடுத்த நொடியே மூக்கைத் தூக்கிக்கொண்டு மேலேறிவிட்டது. மறுநாள் காலைக்குள் புதுச்சேரியில் 46 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. அடுத்த இரண்டு நாளில் தென்பெண்ணை பெருகிப் பாகூர் பக்கத்து ஊர்களைச் சூழ்ந்தது. கரண்ட் வந்து, போனில் சார்ஜ் ஏறி, புதுச்சேரியை அடுத்த ஏம்பலத்தில் நாங்கள் அந்த விமானத்தின் வீடியோவைப் பார்த்தபோது எல்லார் வாயிலும் வந்தது ஒரே பேச்சுதான்: “மயிரிழையில தப்பிச்சிருக்காங்க.”

தப்பியது உண்மை. ஆனால் அது அதிர்ஷ்டத்தின் வேலை என்று நினைப்பதில்தான் பிசகு. இப்படி இறங்காமல் மேலேறுவதை விமானிகள் கோ-அரவுண்ட் என்பார்கள். இறங்குவது சரிப்படாது என்று தெரிந்தால் முழு விசை கொடுத்து, மேலேறி, சுற்றி வருவதோ வேறு ஊருக்குப் போவதோ அவர்கள் வேலையின் ஒரு பகுதி. சிமுலேட்டரில் திரும்பத் திரும்பப் பழகுகிற பாடம் இது.

மோசமான வானிலைக்கென எழுதப்பட்ட நடைமுறைகளின் உண்மையான பலம், முடிவை முன்கூட்டியே எடுத்து வைப்பதில் இருக்கிறது. மேகத்துக்குள் இறங்கி வரும் விமானம் தரையிலிருந்து 1,000 அடி உயரத்துக்கு வரும்போது வேகம், இறங்கும் விகிதம், ஓடுபாதையின் நேர்கோடு, சக்கரம், இறக்கை மடிப்பு எல்லாம் ஒழுங்காக அமைந்திருக்க வேண்டும். ஏதாவது ஒன்று அமையவில்லையா, மேலே போ. யோசிக்க நேரமில்லாத இடத்தில் யோசனையே தேவைப்படாதபடி செய்துவைத்திருக்கிறார்கள். அலுவலக மேசையில், நிதானமான மூளையோடு எழுதிய வரி, மழையில் வியர்க்கும் கையைக் காப்பாற்றுகிறது.

நுட்பங்களிலும் இதே நிதானம் உண்டு. குறுக்குக் காற்றடித்தால் விமானம் காற்றின் பக்கம் மூக்கைத் திருப்பி நண்டு மாதிரி பக்கவாட்டில் நகர்ந்து வரும். தரையைத் தொடுமுன் விமானி அதை நேராக்குவார். மழையில் இன்னொரு விஷயம். பூப்போலத் தரை தொட்டால் நம்மவர்கள் கைதட்டுகிறார்கள். நனைந்த ஓடுபாதையில் அந்தப் பூப்போன்ற இறக்கம்தான் ஆபத்து. சக்கரம் நீர்ப்படலத்தைக் கிழித்துத் தரையைப் பிடிக்கவில்லையென்றால் விமானம் தண்ணீர்மேல் வழுக்கிக்கொண்டே போகும். ஏ320 போன்ற விமானத்தின் டயர் அழுத்தத்துக்கு இந்த வழுக்கல் ஏறத்தாழ 125 நாட் வேகத்திலேயே ஏற்படக்கூடும். அது இறங்கும் வேகத்துக்கு மிக அருகில். ஆகவே மழைநாளில் ‘தொம்’மென்று இறக்குகிற விமானி நல்ல விமானி. முதுகு கொஞ்சம் வலித்தால் பொறுத்துக்கொள்ளலாம்.

இவ்வளவு நன்றாக எழுதப்பட்ட விதி, நடப்பில் மிகக் குறைவாகவே கடைப்பிடிக்கப்படுகிறது. ஒழுங்கற்ற இறங்குமுகங்களில் ஏறத்தாழ 3 சதவீதம்தான் கோ-அரவுண்டில் முடிகின்றன என்று பன்னாட்டு அமைப்பான ஃப்ளைட் சேஃப்டி ஃபவுண்டேஷனின் ஆய்வு கண்டது. மீதி 97 சதவீதம் விதியை மீறி இறங்கிவிடுகின்றன. பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. ஒன்றும் ஆகாததுதான் சிக்கலே. தப்பித்த ஒவ்வொரு முறையும் அடுத்த மீறலுக்குத் தைரியம் தருகிறது.

2010 மே 22 அன்று மங்களூரில் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் மேட்டுநில ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து 158 பேர் இறந்தார்கள். அன்று வானிலையைக் குற்றம் சொல்ல முடியாது. மேலே போகலாம் என்று துணை விமானி மூன்று முறை சொல்லியும் கேப்டன் இறங்கினார். பத்தாண்டு கழித்து 2020 ஆகஸ்ட் 7 அன்று கோழிக்கோட்டில் அதே நிறுவனத்தின் இன்னொரு விமானம். கொட்டும் மழை, பின்னாலிருந்து தள்ளும் காற்று, கேப்டன் பக்கக் கண்ணாடியின் வைப்பர் சரியாக வேலை செய்யவில்லை. ஒருமுறை கோ-அரவுண்ட் செய்துவிட்டு, மறுமுனையிலிருந்து இரண்டாம் முறை வந்து, 8,858 அடி ஓடுபாதையில் பாதியை விட்டுவிட்டுத் தரை தொட்டார்கள். இங்கேயும் துணை விமானி எச்சரித்தார். இரு விமானிகள் உட்பட 21 பேர் இறந்தார்கள்.

இந்த விபத்துகளின் விசாரணை அறிக்கைகள் இரண்டும் விமானியின் தவறு என்றே முதலில் சொல்கின்றன. அதை மறுக்க முடியாது. ஆனால் கோழிக்கோடு அறிக்கையில் இன்னொரு இழை இருக்கிறது. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. அந்தத் தளத்தில் கேப்டன்களின் எண்ணிக்கை போதவில்லை. நிறுவனத்தின் ஆள்கொள்கையே அதற்குக் காரணம். அன்றிரவு வேறு ஊருக்குத் திரும்பினால் மறுநாள் காலைப் பயணத்துக்குத் தான் கிடைக்கமாட்டோம் என்பது அந்தக் கேப்டனுக்குத் தெரியும். எப்படியாவது கோழிக்கோட்டிலேயே இறங்கிவிட வேண்டும் என்ற உந்துதல் அங்கிருந்து வந்தது என்கிறது அறிக்கை. ஆக, ஓடுபாதையில் நடந்த பிழையின் வேர் ரோஸ்டர் போடும் அறையில் கிடந்தது. இறங்காதே என்று கையேடு ஒருபக்கம் சொல்ல, இறங்கு என்று கால அட்டவணை மறுபக்கம் இழுக்கிறது. கையேட்டை மட்டும் திருத்திக்கொண்டிருந்தால் இந்த இழுபறி தீராது.

அதற்காக, கோ-அரவுண்ட் செய்துகொண்டே இருப்பதும் பாதுகாப்பாகிவிடாது. 2015 ஆகஸ்டில் தோகாவிலிருந்து கொச்சி வந்த ஜெட் ஏர்வேஸ் விமானம் மூடுவானிலையில் இறங்க முடியாமல் திரும்பத் திரும்ப முயன்று, திருவனந்தபுரத்துக்குப் போய் அங்கும் தடுமாறி, ஏழாவது முயற்சியில் எரிபொருள் அடிமட்டத்தில் இறங்கியது. மேலேறு என்று சொல்லும் விதி, எப்போது ஊரை மாற்றுவது என்பதையும் அதே கண்டிப்போடு சொல்ல வேண்டும்.

விதிக்குள்ளேயே இருக்கும் ஓர் ஏற்றத்தாழ்வையும் பார்க்க வேண்டும். பனிமூட்டத்தில் பார்வைத் தொலைவு குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போய்விட்டால் 1,000 அடிக்குக் கீழே இறங்கவே கூடாது. முடிவு விமானியின் கையில் இல்லை. காற்றுக்கும் ஓடுபாதையில் தேங்கும் நீருக்கும் இப்படியொரு பொதுவான பூட்டு கிடையாது. ஏ320 விமானத்துக்குக் குறுக்குக் காற்று 38 நாட் என்று சொல்லப்படுவதுகூடத் தேர்ந்த சோதனை விமானிகள் செய்துகாட்டிய அளவுதான். நிறுவனங்கள் அதைக் குறைத்து வரம்பு வைத்துக்கொள்கின்றன. மிச்சம் கேப்டனின் தலையில். ஃபெஞ்சல் எங்கே கரை கடக்கப்போகிறது என்று வானிலைத் துறை முன்னமே எச்சரித்திருந்தது. இருந்தும் சென்னை விமான நிலையம் அன்று நண்பகல் வாக்கில்தான் மூடப்பட்டது. அதுவரை வந்த ஒவ்வொரு கேப்டனும் தனித்தனியாக அந்தத் தேர்வை எழுத வேண்டியிருந்தது. புயலைப் பொறுத்தவரை மூடும் முடிவைத் தரையிலிருப்பவர்கள் முன்கூட்டியே எடுப்பதுதான் நியாயம். புயலுக்குப் படகைக் கரையேற்றச் சொல்கிற அரசு விமானத்துக்கு மட்டும் ஏன் காத்திருக்கிறது?

தரையிலிருப்பவர்களின் குறை மேலிருப்பவர்களைச் சுடுவது இந்த ஒரு முறை மட்டுமல்ல. 2023 டிசம்பர் கடைசியில் டெல்லிப் பனிமூட்டத்தில், அடர்பனியில் இறங்கும் பயிற்சி இல்லாத விமானிகளுக்குப் பணி போட்டதற்காக ஏர் இந்தியாவுக்கும் ஸ்பைஸ்ஜெட்டுக்கும் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ தலா 30 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. கருவி இருந்தது, நடைமுறை இருந்தது, ஆள்தான் பொருந்தவில்லை. 2025 டிசம்பரில் புதிய ஓய்வு விதிகளுக்கேற்ப விமானிகளைத் திரட்டி வைக்காத இண்டிகோ ஆயிரக்கணக்கான பயணங்களை ரத்து செய்ய, அதே டிஜிசிஏ விதியைத் தற்காலிகமாகத் தளர்த்திக் கொடுத்தது. களைத்த விமானியிடம் மழையில் நிதானத்தை எதிர்பார்த்துக்கொண்டே அவருடைய ஓய்வில் கைவைப்பது எந்தப் பாதுகாப்புக் கணக்கிலும் சேராது.

நமக்குப் பக்கத்திலிருக்கும் புதுச்சேரி விமான நிலையத்தின் லாஸ்பேட்டை ஓடுபாதை ஏறத்தாழ 1,500 மீட்டர்தான். ஏடிஆர் போன்ற சிறிய விமானங்களே அங்கே வரமுடியும். நீட்டிக்கத் தமிழகப் பகுதி நிலம் வேண்டும் என்பதால் அந்தப் பேச்சு வருடக்கணக்கில் இழுபறியாக இருக்கிறது. குட்டை ஓடுபாதையில் ஐப்பசி, கார்த்திகை மழையில் தள்ளி இறங்கினால் திருத்திக்கொள்ள இடமே இருக்காது. இங்கே விமானம் அடிக்கடி இறங்காமல் திரும்பினால் அதை நிர்வாகக் கோளாறென்று எழுதுகிறவர்கள் கொஞ்சம் யோசிக்கலாம்.

வளைகுடாவிலிருந்து வரும் பிள்ளைக்காக வண்டி எடுத்துக்கொண்டு சென்னைக்குப் போய்க் காத்திருப்பவர்கள் நம் ஊர்களில் ஏராளம். விமானத்தைப் பெங்களூருக்குத் திருப்பிவிட்டார்கள் என்றதும் கவுண்டரில் நிற்கிற பையனிடம் பாயாதீர்கள். சரியான தகவலைக் கேளுங்கள், வருகிறவர்களுக்குத் தண்ணீரும் தங்குமிடமும் கேளுங்கள். ஏன் இறங்கவில்லை என்று மட்டும் கேட்காதீர்கள்.