பனிப்போரும் தமிழ்த் திறனாய்வின் அளவுகோல்களும்

இரண்டாம் உலகப் பெரும்போருக்குப் பின்னர் அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்கும் சோவியத் ஒன்றியத்திற்கும் இடையே மூண்ட கொள்கைப் பகைமையைத் தமிழர் இரு சொற்களால் குறித்தனர். ஒன்று பனிப்போர், மற்றொன்று கெடுபிடிப் போர். முன்னது ஆங்கிலத் தொடரை ஒட்டி அமைந்தது. பின்னது பொருளை நோக்கி ஆக்கப்பட்டது. சிங்கப்பூரின் வடகரையில், மார்சிலிங் வட்டாரத்தில் நின்று நோக்குவார்க்கு இவற்றுள் எச்சொல் பொருந்தும் என்பது எளிதில் விளங்கும். எதிரே ஜொகூர் நீரிணை, அருகே மலாயாவை இணைக்கும் கடற்பாலம், கிழக்கே செம்பவாங். அங்கே 1971-இல் பிரித்தானியப் படைகள் விலகும்வரை பெரும் கடற்படைத் தளம் இருந்தது. அதே செம்பவாங்கின் ஹாக்கின்ஸ் சாலையில் 1978 முதல் 1996 வரை வியட்நாம் அகதிகளின் முகாம் இருந்தது.

நீரிணைக்கு அப்பால் 1948 சூன் திங்களில் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டது. அது 1960 வரை நீடித்தது. மலாயாத் தொழிற்சங்கக் கூட்டமைப்பின் தலைவராக இருந்த தமிழர் எஸ்.ஏ. கணபதி, கைத்துப்பாக்கி வைத்திருந்த குற்றத்திற்காக 1949 மே 4-ஆம் நாள் கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். மாஸ்கோவும் வாஷிங்டனும் நேருக்கு நேர் மோதிக்கொள்ளவில்லை என்பதனாலேயே அப்போர் 'குளிர்ந்தது' எனப் பெயர் பெற்றது. மலாயாவிலும் கொரியாவிலும் வியட்நாமிலும் வாழ்ந்தோர்க்கு அது குளிர்ந்த போராக இருக்கவில்லை.

அப்பகைமை தமிழ் நூலுலகில் எவ்வாறு புகுந்தது, தமிழ்த் திறனாய்வை எவ்வாறு பிளந்தது, தமிழ் கற்பிப்போர் அதனின்று கொள்ளத்தக்கது யாது என்பவையே ஈண்டு ஆராயத்தக்கன.

இரு முகாம்கள்

1947 மார்ச்சில் கிரேக்கத்திற்கும் துருக்கிக்கும் உதவி கோரிய அமெரிக்க அதிபர் ட்ரூமன், உலக நாடுகள் இருவகை வாழ்க்கை முறைகளுள் ஒன்றைத் தெரிந்தெடுக்க வேண்டிய நிலையில் உள்ளன என்றார். அவ்வாண்டு செப்டம்பரில் சோவியத் தலைவர்களுள் ஒருவரான ஷ்தானவ், உலகம் இரு முகாம்களாகப் பிரிந்துவிட்டது என்று அறிவித்தார். இருவரும் எதிரெதிர் நின்றனர். ஆயினும் நடுவே நிற்க இடமில்லை என்பதில் இருவர்க்கும் வேற்றுமை இல்லை.

இக்கருத்து அரசியலோடு நிற்கவில்லை. 1946-ஆம் ஆண்டிலேயே கவிஞர் அக்மத்தோவாவையும் எழுத்தாளர் சோஷ்சென்கோவையும் கடுமையாகத் தாக்கியவர் இதே ஷ்தானவ். மறுபுறம், 1950-இல் மேற்கு பெர்லினில் பண்பாட்டு விடுதலைப் பேரவை தோன்றியது. எழுத்துரிமையே அதன் முழக்கம். ஆனால் அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ.யின் பணம் அதற்கு மறைமுகமாகச் சென்றது 1967-இல் அம்பலமாயிற்று. ஒரு முகாம் எழுத்தாளனுக்கு ஆணையிட்டது. மற்றது அவன் அறியாமலே அவனைப் பயன்படுத்திக்கொண்டது.

நூல்கள் வந்த வழி

தமிழர் வீடுகளுக்குள் இப்போட்டி புத்தக வடிவில் நுழைந்தது. 1951-இல் சென்னையில் தோன்றிய நியூ செஞ்சுரி புத்தக நிறுவனம் சோவியத் வெளியீடுகளை மிகக் குறைந்த விலைக்குப் பரப்பியது. மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகம் தமிழ் மொழிபெயர்ப்பாளர்களை அங்கேயே அமர்த்தி நூல்களை வெளியிட்டது. கார்க்கியின் 'தாய்' தொ.மு.சி. ரகுநாதனின் தமிழில் வந்தது. ரா. கிருஷ்ணையா தால்ஸ்தோயின் 'புத்துயிர்ப்பு' நாவலையும் தஸ்தயேவ்ஸ்கியின் 'வெண்ணிற இரவுகள்' என்னும் குறுநாவலையும் தமிழாக்கினார். எதிர்த்தரப்பும் வாளா இருக்கவில்லை. ஃபோர்டு அறநிறுவனத்தின் உதவியுடன் தென்மொழிகள் புத்தக நிறுவனம் மலிவு விலை நூல்களுக்கு ஆதரவளித்தது. அமெரிக்க இலக்கியங்களும் தமிழில் பெருகின. ஆர்வெல்லின் 'விலங்குப் பண்ணை' க.நா. சுப்ரமண்யத்தின் மொழிபெயர்ப்பில் தமிழ் வாசகரை அடைந்தது.

இங்கே கருதத்தக்கது ஒன்றுண்டு. ஆர்வெல் தம்மைச் சனநாயகச் சோசலிசவாதி என்று கூறிக்கொண்டவர். அவர் நூலைப் பொதுவுடைமைக்கு எதிரான படைக்கலமாக மேற்குலகம் ஏந்தியது. தஸ்தயேவ்ஸ்கி புரட்சியாளர்களை ஐயத்துடன் நோக்கியவர். சோவியத் அதிகாரத் திறனாய்வு அவரை நெடுங்காலம் மனமுவந்து ஏற்கவில்லை. ஆயினும் மாஸ்கோவின் செலவிலேயே அவர் தமிழுக்கு வந்தார். விதைத்தவர் கருதிய பயன் வேறு; விளைந்தது வேறு. நூல்கள் தம்மை அனுப்பியோரின் நோக்கத்தைக் கடந்து நின்றன. தமிழ்த் திறனாய்வு அவ்வாறு கடந்ததா என்பதே வினா.

திறனாய்வின் பிளவு

1959-இல் சி.சு. செல்லப்பா 'எழுத்து' இதழைத் தொடங்கினார். அக்காலத்திலேயே ஜீவானந்தத்தின் 'தாமரை'யும் மலர்ந்தது. ஒன்று உருவத்தையும் சொல்லாட்சியையும் நுணுகி ஆராய்ந்தது; மற்றது இலக்கியத்தின் சமுதாயப் பொறுப்பை வலியுறுத்தியது. இவ்விரண்டும் ஒரே திறனாய்வின் இரு கண்களாக இருந்திருக்கலாம். ஆனால் உலகப் பகைமை இங்கும் படிந்தது. அழகியலைப் பேசியவர் அமெரிக்கக் கைக்கூலி எனப்பட்டார்; வறுமையைப் பேசியவர் மாஸ்கோவின் எடுபிடி எனப்பட்டார்.

உண்மையோ இவ்வசைகளுக்கு அடங்குவதன்று. செல்லப்பா தம் நூல்களைத் தாமே சுமந்து கல்லூரி கல்லூரியாகச் சென்று விற்றவர். முற்போக்கு முகாமின் முதன்மையாளரான ரகுநாதனோ 'புதுமைப்பித்தன் வரலாறு' எழுதியவர். பாரதியைப் பற்றிய நூலுக்காக 1983-இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றவர். நெசவாளர் துயரைக் கூறும் அவருடைய 'பஞ்சும் பசியும்' செக் மொழியில் பெயர்க்கப்பட்டது. அந்நாவலை அதன் கட்சிக்காகப் போற்றியவரும் அதே கட்சிக்காகத் தள்ளியவரும் தறியின் முன் அமர்ந்திருந்த மனிதனைக் காணத் தவறினர்.

இரு தரப்பிலும் வசதியான மௌனங்கள் இருந்தன. 1958-இல் நோபல் பரிசை மறுக்குமாறு பாஸ்டர்நாக் நெருக்கப்பட்டபோது, முற்போக்காளர் பலர் வாய் திறக்கவில்லை. வியட்நாமில் குண்டுகள் பொழிந்தபோது, எழுத்துரிமை பேசியோர் பலர் அதனை இலக்கியத்திற்குப் புறம்பான செய்தி என்றனர். அளவுகோல் பொதுவானதாயின் இரு புறமும் அளந்திருக்க வேண்டும். ஒரு புறம் மட்டும் அளப்பது அளவுகோல் ஆகாது.

இலங்கை காட்டும் சான்று

கொள்கை வெளியிலிருந்து வந்தது என்பதனாலேயே அது வீண் என்று முடிவு கட்டுவதும் பிழை. இலங்கைப் பொதுவுடைமைக் கட்சி மாஸ்கோ சார்பு, பீக்கிங் சார்பு என 1964-இல் பிளந்தது. பீக்கிங் சார்பினர்க்கு நா. சண்முகதாசன் தலைமை தாங்கினார். எங்கோ எழுந்த அப்பிணக்கு யாழ்ப்பாணத்து மண்ணில் வேறு உருக்கொண்டது. அப்பிரிவினர் தீண்டாமைக்கு எதிராக மக்களைத் திரட்டினர்; ஒடுக்கப்பட்டோர் தேநீர்க் கடைகளிலும் கோயில்களிலும் நுழையும் உரிமைக்காகப் போராடினர். அவ்வாழ்வின் உள்ளிருந்து எழுதிய கே. டானியலின் 'பஞ்சமர்' நாவல் 1972-இல் வெளிவந்தது. பாத்திரங்கள் கொள்கை விளக்கம் செய்யும் பகுதிகளில் அந்நாவல் தளர்கிறது. மக்கள் தம் பேச்சில் தம் அவமானத்தையும் சினத்தையும் கூறும் இடங்களில் ஓங்குகிறது. இவ்வேறுபாட்டை உணர்த்துவதே திறனாய்வின் கடன். பீக்கிங், மாஸ்கோ என்னும் முத்திரைகள் இதற்கு உதவமாட்டா.

ஆசிரியர் கடன்

1989-இல் பெர்லின் சுவர் வீழ்ந்தது. 1991 டிசம்பரில் சோவியத் ஒன்றியம் கலைந்தது. மாஸ்கோவின் மலிவு விலைத் தமிழ் நூல்களும் நின்றன. ஆனால் 'முற்போக்கு', 'கலைவாதம்' என்னும் சொற்கள் வினாத்தாள்களிலும் விடைத்தாள்களிலும் இன்னும் உயிரோடு உள்ளன. நூலைப் படிக்காமலே நூலாசிரியரை வகைப்படுத்த இச்சொற்கள் மாணவனுக்கு உதவுகின்றன. அவற்றின் தீமையும் அதுவே.

எனவே வகுப்பறையில் முத்திரைக்கு முன்னே நூல் வரவேண்டும். இந்நூல் எவ்வாழ்வைக் காட்டுகிறது, அதனைக் காட்டும் மொழி உண்மையானதா, எதனைக் கூறாமல் விடுகிறது என்னும் வினாக்களை மாணவன் கேட்கப் பழகவேண்டும். நூலுக்குப் பணம் தந்தவர் யார் என்பதையும் அவன் அறியட்டும், அது வரலாறு. ஆனால் அவ்வறிவு தீர்ப்பாகிவிடக் கூடாது. கடற்பாலத்தையும் செம்பவாங்கையும் அன்றாடம் காணும் மார்சிலிங் மாணவனுக்கு, உலகப் பகைமை தன் வாசல் வரை வந்து சென்ற செய்தி என்பதை உணர்த்துதல் எளிது. அவ்வாசலில் விட்டுச் செல்லப்பட்ட நூல்களை அச்சமும் பக்தியும் இன்றிப் படிக்கக் கற்பிப்பதே தமிழாசிரியர்க்கு எஞ்சியுள்ள பணியாகும்.