சுவர்ச் சித்திரமும் பானை ஓடும்

ராஜபாளையத்தில் நண்பர்கள் கூடிப் பேசுகிற கூட்டம் ஒன்றில் திருப்பாவையைப் பற்றிப் பேசப் போயிருந்தேன். பேசி முடித்ததும் ஓர் இளைஞர் எழுந்தார். பண்டைய எகிப்தியரின் வாழ்க்கையைப் பற்றி ஏதோ புத்தகம் படித்திருந்தார் போலிருக்கிறது. "அவன் உழுதது, அறுத்தது, ரொட்டி சுட்டது எல்லாவற்றையும் சுவரில் தீட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறான், சார். நம்மவர்கள் சாமியைப் பாடினார்களே தவிர, தாங்கள் எப்படி வாழ்ந்தோம் என்று சொன்னார்களா?" என்று கேட்டார். கேள்வியில் கோபம் இருந்தது. அந்தக் கோபம் எனக்குப் பிடித்திருந்தது; ஆனால் அப்போது பதில் வரவில்லை.

எகிப்துச் சித்திரங்களை நானும் புத்தகங்களில் பார்த்துச் சொக்கிப் போனவன்தான். கி.மு. 1350 வாக்கில் வாழ்ந்த நெபாமுன் என்பவனின் கல்லறைச் சித்திரங்கள் இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. கோயில் தானியத்துக்குக் கணக்கு எழுதியவன் அவன். நாணல் படகில் நின்று பறவை வேட்டையாடுகிறான். பின்னால் அவன் மனைவி, கல்யாண விருந்துக்குப் புறப்பட்டவள் போல நகையும் பூவுமாக நிற்கிறாள். நிற்கிற இடமோ சதுப்பு நிலம்! ஒரு சொட்டுச் சேறு அவள் மேல் கிடையாது. காரணம், அது அவர்கள் வாழ்ந்த வாழ்க்கை அல்ல. செத்த பிறகு வேண்டும் என்று ஆசைப்பட்ட வாழ்க்கை.

வாழ்ந்த வாழ்க்கை வேறு இடத்தில் கிடைத்தது. அரசர்களின் கல்லறைகளைக் குடைந்த தொழிலாளர்கள் குடியிருந்த ஊர் தேர் எல் மதீனா. அங்கே கல் சில்லுகளிலும் பானை ஓடுகளிலும் கிறுக்கி எறிந்தவை ஏராளம். இரண்டாம் ராம்சேஸின் 40ஆம் ஆட்சி ஆண்டில் யார் யார் வேலைக்கு வரவில்லை, ஏன் வரவில்லை என்று எழுதிய கல் ஒன்று இருக்கிறது. ஒருவனைத் தேள் கொட்டிவிட்டது, ஒருவனுக்குக் கண்வலி, ஒருவன் பீர் வடிக்கப் போய்விட்டான். சித்திரம் தீட்டியவன் நம்மைப் பார்த்து எழுதினான். இந்தக் கணக்குப்பிள்ளை மேஸ்திரியைப் பார்த்து எழுதினான். நான் கணக்குப்பிள்ளையைத்தான் நம்புவேன்.

இந்தக் கண்ணோடு திருப்பாவையை மறுபடி எடுத்துப் பார்த்தேன். ஸ்ரீவில்லிபுத்தூரையே ஆயர்பாடியாகப் பாவித்து ஆண்டாள் பாடினாள் என்பது பெரியோர் சொல்லிவரும் செய்தி. உரைகாரர்கள் ஒவ்வொரு பாட்டுக்கும் உட்பொருள் கண்டிருக்கிறார்கள். அதில் எனக்குச் சண்டையில்லை. உட்பொருளுக்கு அவசரப்பட்டு வெளிப்பொருளைத் தாண்டிக் குதிப்பதில்தான் சண்டை.

முப்பது பாட்டிலும் எல்லாம் ஒரே தராசில் நிற்பதில்லை. யானைத் தந்தக் கால் வைத்த கட்டில் வருகிறது. அது நெபாமுனின் படகு மாதிரி. பெரிய வீட்டுக்கு வேண்டும் என்று போட்டது. ஆனால் நோன்புக்காக எதையெல்லாம் விடுகிறோம் என்று பெண்கள் சொல்கிறார்களே, அங்கே எனக்குக் காது கூர்மையாகிறது. நெய், பால், கண்ணுக்கு மை, தலைக்குப் பூ. தினமும் இருப்பதைத்தானே விட முடியும்? தங்கள் அன்றாடத்தை ஒருத்தி ஒன்றும் விளக்காமல், விட்டுவிடுகிறேன் என்று சொல்லியே காட்டிவிடுகிறாள். எகிப்தில் ஆணும் பெண்ணும் மை தீட்டிக்கொண்டதை அவர்களுடைய மைச் சிமிழ்கள் சொல்கின்றன. இங்கே சிமிழ் வேண்டியதில்லை.

அதைவிடப் பெரிய விஷயம் அந்த எருமை வீடு. கன்றை நினைத்து எருமைகள் தாமாகவே பால் சொரிய, வீடு முழுதும் சேறாகிறது. இது மிகைதான், செல்வத்தைச் சொல்ல வந்த மிகை. பெரியாழ்வாரும் முற்றத்தைச் சேறாக்குகிறார்: கண்ணன் பிறந்த கொண்டாட்டத்தில் எண்ணெயும் மஞ்சள் பொடியும் கலந்த சேறு. தகப்பனாரின் சேற்றில் எல்லாரும் ஆடுகிறார்கள். அது திருவிழாச் சேறு. மகளின் சேற்றில் ஒருத்தி தலையில் பனி விழ, வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். உள்ளே தூங்குகிறவள் எழுந்து வருகிற வரை நின்றாக வேண்டும். மார்கழியில் விடியுமுன் அடுத்த வீட்டு வாசலில் காத்து நின்றவளுக்குத்தான் அந்த நிலையைப் பிடித்துக்கொள்ளத் தோன்றும். மிகையை வைத்துவிட்டு, அதற்குள் மனித உடம்பு ஒன்றை நடுங்க வைக்கிறாளே, அதற்காகவே இந்தப் பாட்டை மற்ற இருபத்தொன்பதுக்கும் மேலே வைக்கத் துணிகிறேன். பக்தர்கள் மன்னிக்க வேண்டும்.

இரண்டு வாரம் கழித்து ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் நிலையத்தில் அதே இளைஞரைப் பார்த்தேன். இதையெல்லாம் சொன்னேன். பாதி ஒப்புக்கொண்டார். "இருந்தாலும் பாட்டு பாட்டுதானே, சார். ஓடு ஒன்று காட்டுங்கள்" என்றார்.

காட்டினேன். எகிப்தின் செங்கடல் கரையில் குஸெய்ர் அல் காதிம் என்ற பழைய துறைமுகத்தில் கிடைத்த பானை ஓடு, கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தது. செய்தி வெளியானது 2007இல். அதில் தமிழ் பிராமி எழுத்து. ஐராவதம் மகாதேவன் அதைப் 'பானை ஒறி' என்று படித்தார். ஒறி என்பது நம் உறிதான். எவனோ ஒரு தமிழன் கடல் தாண்டிப் போன இடத்தில், அரசன் பேரையும் எழுதவில்லை, சாமி பேரையும் எழுதவில்லை. உறிப்பானை என்று எழுதியிருக்கிறான். பெரியாழ்வாரின் ஆயர்கள் உறியைக்கூட விட்டுவைக்காமல் முற்றத்துக்குக் கொண்டுவந்து கும்மாளம் போடுவதற்கு எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்னால்!

இளைஞர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு தயங்கிக்கொண்டே, "உறி என்றால் எப்படி இருக்கும், சார்?" என்று கேட்டார். அவர் வளர்ந்த வீட்டில் பிரிட்ஜ்தான் இருந்திருக்கிறது.

பால்கோவா வாங்க நின்ற பெரியவர் ஒருவர் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். பையைக் கீழே வைத்துவிட்டு, "இப்படித் தம்பி" என்று காற்றில் மூன்று கயிற்றை இழுத்து, மேலே ஒரு முடிச்சுப் போட்டு, நடுவில் ஒரு சட்டியையும் வைத்துக் காட்டினார்.